தாவர உயிரணுவும் விலங்கு உயிரணுவும்

உயிரணு என்பது உயிரினங்களின் உடலமைப்புக்கும் செயற்பாட்டுக்கும் அடிப்படையான மிகச் சிறிய அலகு ஆகும். இது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் செல் எனவும், இலங்கைப் பாடநூல்களில் கலம் எனவும் வழங்கப்படுகிறது. தாவரங்கள், விலங்குகள் ஆகிய இரண்டின் உயிரணுக்களும் உட்கரு உடையவை. இவற்றுக்கு இடையிலான வேறுபாடுகள் பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் அவற்றுள் பல, தாவர உயிரணுவைச் சுற்றி உறுதியான சுவர் இருப்பதும், விலங்கு உயிரணுவுக்கு அது இல்லாமையும் ஆகிய ஒரே காரணத்தினின்று தோன்றுபவை ஆகும்.

வரலாறு

1665 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஊக் என்பவர், தக்கையின் மெல்லிய சீவலை நுண்நோக்கியில் கண்டு, அதிலிருந்த சிறு அறைகளுக்குச் செல் என்று பெயரிட்டார். அவர் கண்டவை இறந்த உயிரணுக்களின் வெற்றுச் சுவர்களே. அதாவது, விலங்குகளிடம் இல்லாத ஒரு பகுதியைக் கண்டு இட்ட பெயரே இன்று எல்லா உயிரணுக்களுக்கும் வழங்கி வருகிறது. சுவர் இல்லாத விலங்கு உயிரணுக்களின் எல்லைகளை அக்கால நுண்நோக்கிகளில் பிரித்தறிவது கடினமாக இருந்தது. செருமனியைச் சேர்ந்த சிலெய்டன் 1838 இல் தாவரங்களும், சுவான் 1839 இல் விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவை என நிறுவினர்.

பொதுவான பகுதிகள்

இரு வகை உயிரணுக்களிலும் மென்படலம், உட்கரு, சைட்டோபிளாசம், புரதங்களை உருவாக்கும் ரைபோசோம்கள், அகப்பிளாசும வலை, கொல்கி உடலம், இழைமணி ஆகியவை உள்ளன. பாரம்பரியத் தகவலைக் கொண்ட டி.என்.ஏ. பெரும்பாலும் உட்கருவினுள் உள்ளது. இழைமணி உணவிலிருந்து பெறும் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறாக மாற்றித் தருகிறது. இழைமணிக்கும் பசுங்கணிகத்துக்கும் தமக்கெனச் சிறிதளவு டி.என்.ஏ. உண்டு. மனித இழைமணியின் டி.என்.ஏ. 37 மரபணுக்களைக் கொண்டது. இவ்விரு நுண்ணுறுப்புகளும் முற்காலத்தில் வேறோர் உயிரணுவினுள் குடிபுகுந்த பாக்டீரியாக்களின் வழிவந்தவை என்னும் கருத்தை லின் மார்குலிசு 1967 இல் விரிவாக முன்வைத்தார். இன்று இது பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது.

நீரும் சுவரும்

உயிரணுவினுள் உப்புகளும், சர்க்கரைகளும், புரதங்களும் கரைந்துள்ளன. மென்படலத்தின் வழியே நீர், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் செல்லும். இது சவ்வூடு பரவல் எனப்படும். எனவே நன்னீரில் இருக்கும் எந்த உயிரணுவும் நீரை உள்ளிழுத்துப் பருக்க முற்படும். இந்தச் சிக்கலைத் தாவரமும் விலங்கும் எதிரெதிர் வழிகளில் தீர்த்துள்ளன.

தாவர உயிரணு நீரை உள்ளே விடுகிறது. முதிர்ந்த உயிரணுவின் பெரும்பகுதியை, பல வேளைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இடத்தை, புன்வெற்றிடம் என்னும் நீர் நிறைந்த பை அடைத்துக்கொள்கிறது. பெயரில் வெற்றிடம் என்று இருந்தாலும் அது வெறுமையானது அன்று. அதில் உப்புகள், அமிலங்கள், நிறமிகள், சில தாவரங்களில் நச்சுகள் ஆகியன சேமிக்கப்படுகின்றன. புன்வெற்றிடம் பருக்கும்போது, சைட்டோபிளாசத்தையும் மென்படலத்தையும் சுவரோடு அழுத்துகிறது. குளுக்கோசுத் தொடர்களாலான செல்லுலோசு இழைகள் பின்னிய அச்சுவர் விரியாமல் எதிர்த்து நிற்கிறது. இதனால் உண்டாகும் விறைப்பழுத்தம் பொதுவாக வளிமண்டல அழுத்தத்தைப் போல 3 முதல் 10 மடங்கு வரை இருக்கும். மகிழுந்துச் சக்கரத்தின் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 மடங்கே என்பதை இங்கு ஒப்பிடலாம். மரக்கட்டை இல்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இவ்வழுத்தத்தால்தான். நீர் குறைந்தால் அது வாடித் துவள்கிறது.

வெளியே உப்பு மிகுந்தால் நீர் வெளியேறி, மென்படலம் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். ஊறுகாய்க்காக உப்பிட்ட மாங்காய்த் துண்டுகள் நீர் விட்டுச் சுருங்குவதற்கு இதுவே காரணம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் பகுதி வயல்களில், மண்ணில் ஈரம் இருந்தும் பயிர்கள் கருகின. உப்பின் நச்சுத்தன்மையோடு, வேர் உயிரணுக்களால் அந்நீரை உறிஞ்ச இயலாமையும் இதற்குக் காரணமாகும்.

விலங்கு உயிரணுவுக்குத் தாங்கும் சுவர் இல்லை. ஆகவே அது இடையறாது வேலை செய்து உப்பை வெளியேற்ற வேண்டியுள்ளது. மென்படலத்தில் உள்ள சோடியம்–பொட்டாசியம் எக்கி, ஒரு ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்சு இசுக்கூ 1957 இல் இதனை விளக்கினார். 1997 இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் ஒரு பகுதி அவருக்கு வழங்கப்பட்டது. ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இவ்வெக்கிகளுக்கே செல்கிறது. அரளியில் உள்ள நச்சுப் பொருள்கள் தடுப்பது இந்த எக்கியைத்தான். அதனால் இதயத்துடிப்பு சீர்குலைந்து உயிரிழப்பு நேரலாம். பூக்கும் தாவரங்கள் இவ்வெக்கிக்கு மாறாகப் புரோத்தன் எக்கியைப் பயன்படுத்துவதால், அரளிச் செடிக்கு அந்நச்சு இடர் தருவதில்லை.

எக்கி இயங்கினாலும் சூழ்ந்துள்ள நீர்மத்தின் செறிவு மிகவும் மாறினால் விலங்கு உயிரணு தப்பாது. குருதிச் சிவப்பணுக்களைத் தூய நீரில் இட்டால் அவை பருத்து வெடிக்கும். மருத்துவமனைகளில் சிரை வழியே வெறும் நீரை ஏற்றாமல் 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசல் போன்றவற்றை ஏற்றுவது இதனாலேயே.

அசைவும் பிரிவும்

சுவரின்மையால் விலங்கு உயிரணு வடிவம் மாற இயலும். வெள்ளணுக்கள் ஊர்ந்து சென்று கிருமிகளை விழுங்குகின்றன. தசை உயிரணுக்கள் சுருங்குகின்றன. தாவர உயிரணு தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. அதன் அசைவு, நீரை ஏற்றியும் இறக்கியும் நடைபெறுவது. இலைத்துளைகளின் காப்பு உயிரணுக்கள் நீரேறிப் பருக்கையில் துளை திறக்கிறது. தொட்டாற்சுருங்கியின் இலை மடிவதும் காம்படி உயிரணுக்கள் சில நீரை இழப்பதால்தான்.

விலங்கு உயிரணு பிரியும்போது நடுவில் இறுகி இரண்டாகிறது. உறுதியான சுவரை அவ்வாறு நெரிக்க இயலாது. எனவே தாவர உயிரணுவின் நடுவில் உயிரணுத் தட்டு ஒன்று உருவாகிப் புதுச்சுவராகிறது. அயல் உயிரணுக்களோடு தொடர்புகொள்ளச் சுவரை ஊடுருவும் நுண்ணிய கால்வாய்களும் தாவரங்களில் உள்ளன.

தவறான கருத்துகள்

பசுங்கணிகம் தாவரத்துக்கும் இழைமணி விலங்குக்கும் உரியது என்று கருதுவோர் உளர். தாவர உயிரணுக்களிலும் இழைமணிகள் உண்டு. இரவும் பகலும் அவை சுவாசிக்கின்றன. மாறாக, எல்லாத் தாவர உயிரணுக்களிலும் பசுங்கணிகம் இருப்பதில்லை. மண்ணுக்குள் இருக்கும் வேர்களிலும், பள்ளி ஆய்வகங்களில் வழக்கமாகக் காட்டப்படும் வெங்காயத் தோலிலும் அதனைக் காண இயலாது. சென்ட்ரியோல் தாவரங்களில் அறவே இல்லை என்பதும் முழுமையான கூற்றன்று. பூக்கும் தாவரங்களில் அது இல்லை. பாசிச்செடி, பன்னம், சைக்கசு ஆகியவற்றின் நீந்தும் ஆண் பாலணுக்களில் அது தோன்றுகிறது.