கேஜிஎஃப் வீட்டுத் தோட்டத்தில் நாலு கோழி வளர்க்கலாமா? முதலில் மண்ணைப் பாருங்க

காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருவில் வேலை பார்த்து, ராத்திரி வீடு திரும்புகிறவரா நீங்கள்? அல்லது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்களா? வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால், "நாலு கோழி விட்டா என்ன, நல்ல முட்டையாவது கிடைக்குமே" என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கும்.

கோழி வளர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் கோலார் தங்கவயலில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் கோழி கொத்தப் போகும் மண் எப்படிப்பட்டது?

மண்ணில் என்ன பிரச்னை?

இங்கே 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நவீன முறையில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் கோல்ட் மைன்ஸ் (பிஜிஎம்எல்) மூடப்பட்டது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவுதான் இன்று ஊரைச் சுற்றி நிற்கும் மேடுகள். ஊர்க்காரர்கள் சொல்லும் 'சயனைடு மலை' இதுதான். 'கேஜிஎஃப்' படத்துக்கு செட் போட்டதும் இங்கேதான்.

மொத்தம் 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன் கழிவு. காற்று பலமாக அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதன் தூசு வீட்டுக்குள் வருவது உங்களுக்கே தெரியும். மழை பெய்தால் இதே மண் கரைந்து சாக்கடை வழியாகத் தாழ்வான இடங்களுக்குப் போகிறது.

பெயர் பயமுறுத்தினாலும், சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். சிதையாமல் தங்குவது பாறையிலேயே இருந்த ஆர்சனிக், ஈயம் போன்ற கன உலோகங்கள். அவை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் மண்ணிலேயே கிடக்கும்.

அது முட்டைக்குள் எப்படி வரும்?

கோழி தின்பது தீவனம் மட்டுமல்ல. நாள் முழுக்க மண்ணைக் கிளறி, புழுவோடும் விதையோடும் மண்ணையும் சேர்த்தே விழுங்குகிறது. இரையை அரைக்க அதற்குச் சின்னக் கல்லும் தேவை.

உடம்புக்குள் போன ஈயம் கால்சியம் போலவே நடந்துகொள்ளும். எலும்பில் சேர்ந்து, முட்டை உருவாகும்போது கால்சியத்தோடு சேர்ந்து வெளியே வரும். அதிகம் சேருவது மஞ்சள் கருவில். முட்டையைக் கழுவினாலும் வேகவைத்தாலும் அது போகாது. கோழியும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 55 வீட்டுத் தோட்டங்களில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. அந்த வீட்டு முட்டைகளில், கடை முட்டையைவிடச் சராசரியாகச் சுமார் 40 மடங்கு ஈயம் இருந்தது. அங்கே காரணம் சுரங்கம் அல்ல. பழைய பெயின்டும், முன்பு பெட்ரோலில் கலந்த ஈயமும். ஆனால் மண்ணிலிருந்து முட்டைக்குப் போகும் பாதை ஒன்றேதான்.

அந்த ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியம். வீட்டுத் தோட்ட மண்ணில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் வரை ஈயம் இருக்கலாம் என்பது ஆஸ்திரேலிய வழிகாட்டுதல். கோழி மேய வேண்டுமென்றால் அது 117-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். அதாவது, நாம் நடமாடப் பரவாயில்லை என்கிற மண், கோழிக்குப் பரவாயில்லை என்று அர்த்தமில்லை.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது அதிகம் பாதிக்கும். "குழந்தைக்கு நல்லது" என்று வீட்டு முட்டையை முதலில் ஊட்டுவதும் அவர்களுக்குத்தானே?

மண்ணை எங்கே பரிசோதிப்பது?

விவசாயிகளுக்குத் தரப்படும் மண்வள அட்டை இதற்கு உதவாது. அதில் தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம் போன்ற 12 அளவுகள்தான் இருக்கும். ஈயமும் ஆர்சனிக்கும் இருக்காது. என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் 'கன உலோகப் பரிசோதனை' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தோட்டத்தில் நாலைந்து இடங்களில் மேல்மண்ணை எடுத்து, கலந்து கொடுங்கள்.

அப்படின்னா கோழியே வளர்க்கக் கூடாதா?

வளர்க்கலாம். பரிசோதனை முடியும் வரை, அல்லது முடிவு சரியில்லை என்றால், தரையில் மேய விடாதீர்கள். அவ்வளவுதான்.

* கூண்டுக்கு சிமென்ட் தரை போடுங்கள். மேலே உமி, தேங்காய் நார்க்கழிவு அல்லது மரச்சீவலை 4 முதல் 6 அங்குலம் பரப்புங்கள். ஆழ்கூள முறை என்பது இதுதான்.
* தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில் தூசு விழாதபடி மூடி வேண்டும்.
* கோழிக்கு மண்குளியல் அவசியம். வெளியிலிருந்து வாங்கிய சுத்தமான மணலை ஒரு பழைய டப்பில் கொட்டி வையுங்கள்.
* கீரை கொடுப்பதாக இருந்தால் குரோ பேக்கில் வளர்த்து, கழுவிக் கொடுங்கள்.
* ஓட்டுக்கு கிளிஞ்சல் தூள் தனியாக வையுங்கள். கால்சியம் போதுமான அளவு கிடைத்தால் ஈயம் உடம்பில் சேர்வதும் குறையும்.

எத்தனை கோழி, எந்த ரகம்?

சின்ன இடத்துக்கு நாலைந்து பெட்டைகள் போதும். ராத்திரி அடையும் கூண்டில் ஒரு கோழிக்கு 2 முதல் 3 சதுர அடி, பகலில் நடமாட 8 முதல் 10 சதுர அடி வேண்டும். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் சேவல் வைத்தால் விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்!

கிரிராஜா, ஸ்வர்ணதாரா இரண்டும் பெங்களூரு ஹெப்பாலில் உள்ள கால்நடைக் கல்லூரியில் உருவானவை. கிரிராஜா ஆண்டுக்கு 130 முதல் 150 முட்டை இடும். ஸ்வர்ணதாரா இன்னும் அதிகம். முதல்முறை வளர்ப்பவர்கள் குஞ்சாக வாங்காமல், தடுப்பூசி போட்ட இரண்டு மாதக் கோழியாக வாங்குவது சுலபம். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டே காலியாகிவிடும். அதனால் எந்தெந்தத் தடுப்பூசி போட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பாக்கியை அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். பூனை, நாய், கீரி உள்ளே வராதபடி இரும்பு வலை கட்டாயம். வாங்குவதற்கு முன் நகரசபை விதியையும், வாடகை வீடென்றால் வீட்டுக்காரரையும் கேட்டுவிடுங்கள்.

பணம் மிச்சமாகுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோழிக்கு தினமும் சுமார் 110 கிராம் தீவனம். ஐந்து கோழிக்கு 550 கிராம். ஆண்டுக்குத் தலா 140 முட்டை என்றால், ஒரு நாளைக்கு இரண்டுக்கும் குறைவு. அதாவது ஒரு முட்டைக்குச் சுமார் 290 கிராம் தீவனம். உங்கள் கடை விலையை இதோடு பெருக்குங்கள். கூண்டுச் செலவு தனி. கடை முட்டையைவிட மலிவாகக் கிடைப்பது சந்தேகம்தான்.

ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்தால்?

பயந்து கோழிகளைத் தள்ளிவிட வேண்டாம். இப்போதே தரை மேய்ச்சலை நிறுத்துங்கள். எலும்பில் சேர்ந்த ஈயம் உடனே தீராது. அதனால் முட்டையையும் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். முடிவு வரும்வரை சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த முட்டையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இந்த 13 மேடுகளிலும் மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. மேட்டைத் தோண்டினால் தூசு கிளம்பும். உங்கள் மண்ணில் இன்று என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால், நாளைக்கு ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.