படமுதலாளிகளாய் விளங்கிய பெண்மணிகள்

கலை வரலாறு எழுதுவோர் ஆடினாரையும் பாடினாரையும் நினைப்பர். அரங்கை எடுப்பித்தாரைப் பெரும்பாலும் நினையார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் ஆடற்றிறனை விரித்துரைக்கும்; அரங்கின் நீள அகலங்களையுங்கூடக் கோற்கணக்கிலே கூறும்; அவ்வரங்கிற்குப் பொருள் கொடுத்தார் யாவர் என்பதைக் கூறாது. திரைப்பட வரலாற்றிலும் இக்குறை உண்டு. அதனால் ஒரு சாராருக்கு நேர்ந்த இழப்புப் பெரிது. தென்னிந்தியாவிலே பேசும்படம் தோன்றிய முதல் நாற்பது ஆண்டுகளில் நடிகையராகப் புகழ்பெற்ற சிலர், தம் பொருளை முதலாக இட்டுப் படம் எடுத்த முதலாளிகளாகவும் இருந்தனர். அவர்களின் நடிப்பைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் பல; அவர்களின் தயாரிப்பைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில.

தயாரிப்பாளரின் தொழில் யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். கதையைத் தெரிந்தெடுப்பவர் அவரே. டைரக்டரையும் நடிகரையும் அமர்த்துபவரும் அவரே. ஸ்டூடியோ வாடகையும் படச்சுருளின் விலையும் அவர் தலைமேலன. விநியோகஸ்தரிடம் முன்பணம் பெற்றுப் படத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே. படம் ஓடாதொழியின், நடித்தவர் தம் ஊதியத்தோடு வீடு செல்வர். தயாரித்தவரே கடன்காரர் முகத்தில் விழிப்பர். ஆகவே ஒருவர் தயாரிப்பாளர்தானா என்பதை அறிய, நட்டம் எவர் வாயிலில் வந்து நின்றது என்று கேட்பதே நேரிய வழி என்பது எம் கருத்து.

பிற நாடுகளில் இம்முயற்சி முன்னரே தொடங்கியது. பிரான்சிலே பிறந்த அலிஸ் கீ அம்மையார் அமெரிக்கா சென்று 1910 ஆம் ஆண்டில் சோலக்ஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். பம்பாயிலே 1926 இல் பாத்திமா பேகம் தமது சொந்தக் கம்பெனியின் பெயரில் மௌனப்படம் தயாரித்து டைரக்டு செய்தார். பாடகியாகிய ஜத்தன்பாய் அடுத்த பத்தாண்டில் அவ்வழியே சென்றார். பம்பாய் டாக்கீஸை 1934 இல் கணவரோடு கூடி நிறுவிய தேவிகா ராணி, 1940 இல் அவர் இறந்தபின் அந்நிறுவனத்தைத் தாமே முன்னின்று நடத்தினார். இவர்கள் ஒவ்வொருவரும் தனிக் கட்டுரைக்கு உரியவர். ஈண்டு நாம் தென்னகத்தை நோக்குவோம்.

திருவையாற்றிலே 1911 ஆம் ஆண்டு பிறந்த டி. பி. ராஜலக்ஷ்மி குழந்தைப் பருவத்திலேயே மணஞ்செய்விக்கப்பட்டவர். அம்மணம் நிலைக்கவில்லை. தந்தையும் இறந்துவிட, குடும்பத்தின் வயிற்றுப்பாட்டிற்காக நாடக மேடை ஏறினார். பெண்கள் மேடையேறுவதை ஊரார் இழிவாகக் கருதிய காலம் அது. மௌனப்படங்களில் நடித்தபின், 1931 அக்டோபர் 31 ஆம் நாள் வெளிவந்த காளிதாஸ் என்னும் முதலாவது தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகியானார். அப்படம் பம்பாயிலே எடுக்கப்பட்டது. கதாநாயகி தமிழிற் பேச, கதாநாயகர் தெலுங்கில் மறுமொழி கூறினார். கேட்டவர் எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை. படம் பேசியதே அன்று பெரும் புதுமை.

இவ்வளவும் பலரும் அறிந்தது. "சினிமா ராணி" என்ற பட்டத்தோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வர். ஆனால் அவர் வாழ்விலே பெருஞ்செயல் அதற்குப் பின்னரே நிகழ்ந்தது. 1936 இல், ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற தம் நிறுவனத்தின் வாயிலாக, மிஸ் கமலா என்னும் படத்தை வெளியிட்டார். கதை அவர் எழுதிய கமலவல்லி என்னும் நாவல். தயாரிப்பு அவர்; டைரக்‌ஷன் அவர்; கதாநாயகியும் அவர். தென்னிந்தியாவிலே படம் டைரக்டு செய்த முதற் பெண்மணி என்ற சிறப்பு இதனால் அவருக்கு வாய்த்தது.

கதையை நோக்குமிடத்து அவர் துணிவு மேலும் விளங்கும். அக்காலத் தமிழ்ப் படங்களிற் பெரும்பாலன புராணக் கதைகள். பக்கவாத்தியக் கச்சேரி போன்று பாட்டின்மேற் பாட்டாக ஓடிய அவற்றில் முதலிடுவோருக்கு அச்சம் குறைவு. கதை முன்னரே மக்கள் அறிந்தது. ராஜலக்ஷ்மி அம்மையாரோ விருப்பமின்றி மணமுடிக்கப்பட்ட ஒரு பெண்ணின் காதலை, தம் காலத்து வீடுகளுள் நிகழும் கதையாக, எடுத்துக்கொண்டார். குழந்தை மணத்தின் துன்பத்தைத் தாமே நுகர்ந்தவர் அவர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இக்கதையை வேறொரு முதலாளியிடம் கொண்டு சென்றிருப்பின் அவர் ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. பணப்பை தம் கையிலிருந்தமையாலேயே அது படமாயிற்று. அம்மையார் 1964 இல் காலமானார். மிஸ் கமலாவின் பிரதி இன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த தலைமுறையிலே இவ்வுரிமையை நிலையான தொழிலாக்கியவர் பி. பானுமதி. 1925 இல் ஒங்கோலுக்கு அண்மையிற் பிறந்த இவர் 1939 இல் நடிக்கத் தொடங்கினார். 1943 இல் பி. எஸ். ராமகிருஷ்ணராவை மணந்தார். இருவரும் தம் மகன் பரணியின் பெயரால் பரணி பிக்சர்ஸை நிறுவினர். பின்னர்ச் சென்னையில் பரணி ஸ்டூடியோவும் எழுந்தது. லைலா மஜ்னு (1949), விப்ரநாராயணா (1954) முதலியன இந்நிறுவனத்தின் படங்கள். பின்னது தொண்டரடிப்பொடியாழ்வாரின் வரலாறு. அடியவரின் நெஞ்சைக் கலைக்கும் தேவதேவியாகப் பானுமதியே நடித்தார். சரத்சந்திரரின் நாவலொன்றைத் தழுவிய கானல் நீர் 1961 இல் வந்தது. கதைகளைத் தெரிந்தெடுத்த இவ்வரிசையே ஒரு மனத்தின் சுவையைக் காட்டுவது.

இவற்றுள்ளும் சண்டிராணி (1953) தனித்து நோக்கற்பாலது. தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளிலும் ஒருங்கே எடுக்கப்பட்ட அப்படத்தைப் பானுமதியே டைரக்டு செய்தார். இரட்டைச் சகோதரிகளாக இரு வேடங்களையும் தாமே தாங்கினார். ஒரு காட்சியை ஒருமுறை எடுத்துக் குரலை மாற்றி ஒட்டுவதன்று அம்முறை. மொழிதோறும் மீண்டும் நடித்து மீண்டும் எடுத்தல் வேண்டும். இரு வேடத்தை மூன்று மொழியால் பெருக்கிப் பார்ப்பின், விளக்கு வெளிச்சத்தில் அவர் நின்ற நேரம் ஒருவாறு புலனாகும். அதன்மேல் நாட்செலவின் கணக்கும் நிறுவனத்தின் கவலை.

சொந்தக் கம்பெனி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சி சான்று. 1955 இல் வெளிவந்த மிஸ்ஸம்மா என்னும் தெலுங்குப் படத்தில் முதலில் ஒப்பந்தமானவர் பானுமதியே. தயாரிப்பாளரோடு ஏற்பட்ட பிணக்கினால் அவர் விலக, சாவித்திரி அவ்விடத்தைப் பெற்றார். பிணக்கில் எவர் பக்கம் நியாயம் என்பது நமக்கு வேண்டுவதன்று. பிறர் படத்தில் எத்துணைப் பெரிய நடிகையும் மாற்றப்படத்தக்கவர். தம் படத்தில் அவரை மாற்றுவார் இலர்.

இங்கே ஒரு தடை எழுப்புவர். இப்பெண்மணிகளின் கணவன்மாரும் அத்தொழிலில் இருந்தவராதலின், தயாரிப்பு அவர்களுடையது. மனைவியின் பெயர் விளம்பரத்திற்கு மட்டுமே என்பர். கூட்டு முயற்சி என்பதை நாமும் மறுக்கவில்லை. அஞ்சலி பிக்சர்ஸை எடுத்துக்கொள்வோம். அஞ்சலிதேவியின் கணவர் ஆதிநாராயணராவ் சிறந்த இசையமைப்பாளர்; அந்நிறுவனத்தின் அனார்கலி (1955), சுவர்ணசுந்தரி (1957) ஆகியவற்றின் வெற்றியில் அவர் இசைக்குப் பெரும் பங்கு உண்டு. சுவர்ணசுந்தரி தமிழில் மணாளனே மங்கையின் பாக்கியம் என வந்தது, இந்தியிலும் எடுக்கப்பட்டது. ஆயினும் விநியோகஸ்தர் முன்பணம் கொடுப்பது நட்சத்திரத்தின் முகத்தை நம்பியன்றோ? அம்முகம் அஞ்சலிதேவியினுடையது. நிறுவனத்தின் பெயரும் அவருடையது. அடுத்த வீட்டுப் பெண் (1960) என்னும் நகைச்சுவைப் படத்தை இன்றும் மக்கள் விரும்பிப் பார்க்கின்றனர். 1970 களிலும் பக்த துக்காராம் முதலிய படங்களை அந்நிறுவனம் எடுத்தது. கூட்டில் ஒருவரை முதலாளி என்றும் மற்றவரை அலங்காரம் என்றும் பிரிப்பது நேரிய கணக்காகாது.

சாவித்திரியின் வரலாறு இதன் மறுபுறம். 1968 இல் பெண்களே பெரும்பாலும் கூடி உருவாக்கிய சின்னாரி பாப்பலு என்ற தெலுங்குப் படத்தை டைரக்டு செய்தார். மறு ஆண்டு குழந்தை உள்ளம் வந்தது. 1971 இல், சிவாஜி கணேசனோடு தாமும் நடித்து, பிராப்தம் என்னும் தமிழ்ப் படத்தைத் தயாரித்து டைரக்டு செய்தார். அது ஓடவில்லை, நட்டம் அவர் வாயிலில் வந்து நின்றது. 1981 திசம்பரில் அவர் மறைந்தபின் எழுதியோர் பலர், இம்முயற்சியை அவர் வாழ்வின் அறியாமைகளுள் ஒன்றாக எண்ணிச் சென்றனர். ஓடாத படம் எடுத்த ஆடவர் தென்னகத்தில் நூற்றுக்கணக்கினர். அவர்கட்கு நேர்ந்ததை வியாபார நட்டம் என்றே கூறுவர். சாவித்திரி கண்மூடிப் பொருளிட்டவரல்லர். பிராப்தத்தின் கதை, மூக மனசுலு என்ற பெயரில் 1964 இல் தெலுங்கில் வெளிவந்து, அவரே கதாநாயகியாக நடித்துப் பெருவெற்றி பெற்ற அதே கதையாகும்.