நெல்வயலின் மீது ஒரு வழக்கு

புவி வெப்பமாதல் குறித்த எந்த அறிக்கையைப் புரட்டினாலும் ‘மனிதச் செயல்பாடுகள்’ என்கிற சொற்சேர்க்கை முதல் பக்கத்திலேயே வந்து நின்றுவிடுகிறது. காற்றில் கரியமில வாயு ஏறியதற்கும் பனிப்பாறை உருகுவதற்கும் கடல் சூடாவதற்கும் காரணம் மனிதச் செயல்பாடுகள். அறிவியலாக இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, சார்ல்ஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கிய 1958இல் 315ஆக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இது கணக்கு. என் சந்தேகமெல்லாம் அந்த வாக்கியத்தின் எழுவாய் பற்றியது. மனிதன் என்றால் யார்? எந்த நூற்றாண்டில், எதை, யாருடைய உழைப்பைக் கொண்டு எரித்தவன்? இதைப் பொதுவாக வைத்துப் பேசினால் பொதுவான பதில்தான் கிடைக்கும். அதனால் ஒரே ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் பிறந்து வளர்ந்த காவிரிப் படுகையின் பயிர்மீது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போடப்பட்ட வழக்கு அது.

1990இல் வாஷிங்டனிலுள்ள உலக வள ஆய்வு நிறுவனம் தன் ஆண்டு அறிக்கையில் ஓர் அட்டவணையை வெளியிட்டது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களை அதிகம் வெளியிடும் நாடுகளின் பட்டியல். முதல் ஐந்து இடங்களில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரேசில், சீனா, இந்தியா. அன்றைக்கு இந்தியக் கிராமங்களில் பெரும்பான்மை வீடுகளுக்கு மின்சாரம் கிடையாது. விறகும் வரட்டியும்தான் அடுப்பு. அந்த நாடு ஐந்தாமிடத்துக்கு எப்படி வந்தது? நெல்லாலும் மாட்டாலும் வந்தது. நிலக்கரிப் புகையோடு நெல்வயலிலிருந்தும் மாட்டின் வயிற்றிலிருந்தும் வரும் மீத்தேனைச் சேர்த்து, பூமி தானாக உறிஞ்சிக்கொள்ளும் அளவை எல்லா நாடுகளுக்கும் அவரவர் வெளியீட்டு விகிதப்படியே கழித்துக் கொடுத்தார்கள். அதாவது அதிகம் புகை விட்டவனுக்கு அதிகத் தள்ளுபடி. கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கணக்கு எழுதமாட்டான்.

மீத்தேன் வயலில் உருவாகிறது என்பது பொய்யல்ல. நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டி, தழையும் தாளும் சேர்த்துத் தொழி கலக்குகிறோம். தண்ணீர் நிற்க நிற்க மண்ணுக்குள் காற்று இல்லாமல் போகிறது. காற்றில்லாத இடத்தில் வாழப் பழகிய நுண்ணுயிர்கள் அந்த மக்கும் தழையைத் தின்று மீத்தேனை விடுகின்றன. சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வருமே, அதில் இருப்பதும் இதுதான். ஆனால் பெரும்பகுதி குமிழாக வருவதில்லை. நெற்பயிர் தன் வேருக்குக் காற்றை இறக்குவதற்காகத் தண்டுக்குள் வைத்திருக்கும் நுண்குழல்கள் வழியாகவே அது மேலேறிப் போகிறது. பயிர் மூச்சு விடும் வழியே அதுதான். வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலுவானது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சிதைந்துவிடும். கரியமில வாயுவின் ஒரு பகுதி நூற்றாண்டுகளைக் கடந்தும் காற்றில் கிடக்கும். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

ஆகவே கேள்வி எவ்வளவு என்பதுதான். இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. இதற்கு அடிப்படை நம் வயலில் எடுத்த அளவுகள் அல்ல. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் எடுத்த அளவுகளை நம் ஏக்கர்க் கணக்கால் பெருக்கியதுதான். 1991இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் நாட்டின் பல பகுதிகளில் வயலுக்குள்ளேயே பெட்டியைக் கவிழ்த்துவைத்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். வந்த தொகை சுமார் 40 லட்சம் டன். பத்தில் ஒரு பங்கு. நம் நெல்பரப்பில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி என்பதோ, இருக்கிற பாசனமும் விட்டு விட்டுத்தான் வரும் என்பதோ, மண்ணில் மக்கு குறைவு என்பதோ அந்தப் பெருக்கல் வாய்பாட்டுக்குத் தெரியவில்லை. அறிவு என்பது எங்கே உற்பத்தியாகி எங்கே செலுத்தப்படுகிறது என்று நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். அதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறு நூல் வந்தது. சமத்துவமற்ற உலகில் புவி வெப்பமாதல் என்பது தலைப்பு. சுற்றுச்சூழல் காலனியம் என்று உட்தலைப்பிலேயே குற்றம் சாட்டினார்கள். பூமியின் உறிஞ்சும் திறன் எல்லோருக்கும் பொதுச்சொத்து. அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் இந்தியாவும் சீனாவும் தங்கள் பங்கைத் தாண்டவேயில்லை என்று அதே புள்ளிவிவரங்களைக் கொண்டே காட்டினார்கள். சோற்றுக்காக வரும் மீத்தேனையும் சொகுசுக் காருக்காக வரும் கரிப்புகையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு ரியோ மாநாட்டில் ‘பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’ என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இடம்பெற்றதன் பின்னணியில் இந்த விவாதமும் இருந்தது.

தொழிற்புரட்சி முதல் இதுவரை சேர்ந்த கரியமில வாயுவில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு மூன்று சதவிகிதத்தை ஒட்டியது. ஆனால் ‘மேற்கத்திய மனிதன்’ என்று எழுவாயை மாற்றி எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? அங்கேயும் முடிவெடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பிரிட்டிஷ் பருத்தி ஆலைகள் நீர்ச்சக்கரத்தை விட்டு நீராவிக்கு மாறியபோது தண்ணீர்தான் மலிவாக இருந்தது என்கிறார் ஆந்த்ரியாஸ் மால்ம், 2016இல் வந்த தன் நூலில். ஆற்றங்கரையில் ஆலை வைத்தால் தொழிலாளியை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும். அவன் வேலைநிறுத்தம் செய்தால் மாற்று ஆள் கிடையாது. நிலக்கரியை நகரத்துக்கு வண்டியில் கொண்டுவரலாம். நகரத்தில் கூலிக்கு ஆள் மலிந்து கிடந்தது. இதை மறுக்கும் பொருளாதார வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு மால்ம் சொல்வதில் பெரும்பகுதி ஏற்புடையதே. நம்ம ஊர் வரலாறும் நிலக்கரி இல்லாமல் ஆலை ஓடாது என்ற விதியை ஒப்புக்கொள்வதில்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் நூற்பாலை ஓட்டினார்கள். கோயம்புத்தூர் ஆலைகள் பெருகியது 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு. (அந்தத் தண்ணீர்விசையும் தொழிலாளியை விடுதலை செய்துவிடவில்லை என்பது வேறு கதை.)

எரித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியாமல் போகவில்லை. கரியமில வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடேறுகிறது என்று 1856இலேயே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண் எழுதினார். பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்; அறிவியல் வரலாறு அவரை ஒன்றரை நூற்றாண்டு மறந்திருந்தது. 1896இல் ஸ்வீடனின் அரீனியஸ் கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி கூடும் என்று கையால் கணக்குப் போட்டார். குளிரில் நடுங்கும் நாட்டுக்காரர், சூடு கூடினால் நல்லதுதானே என்று நினைத்தார். 1977இல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் தன் நிர்வாகத்திடம் விஷயத்தை நேராகவே சொன்னார். அந்த நிறுவனத்தின் உள்கணிப்புகள் எவ்வளவு துல்லியம் என்று 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலானவை அப்படியே பலித்திருந்தன. உள்ளே கணித்துக்கொண்டு வெளியே சந்தேகத்தை விதைத்தார்கள். எண்ணெய், நிலக்கரி, கார் கம்பெனிகள் சேர்ந்து 1989இல் அதற்கென்றே ஒரு கூட்டணி அமைத்தன. வாஷிங்டன் அட்டவணை நெல்வயலைச் சுட்டியது அதற்கு அடுத்த வருஷம். சதி என்று சொல்லவரவில்லை. தேவையும் இல்லை; அதிகாரத்துக்கு வாகான கணக்கு தானாகவே எழுதப்படும்.

இதுவரை எழுதியதைத் தேசபக்தர்கள் கைதட்டி வரவேற்பார்கள் என்பதுதான் என் சங்கடம். தலைக்கு இவ்வளவு என்ற வாதம் வாஷிங்டனுக்கு எதிராக நியாயமானது. அதே வாதத்தை உள்நாட்டில் யார் தூக்கிப் பிடிக்கிறார்கள்? ஒரு இந்தியனின் சராசரி ஆண்டுக்கு 2 டன் கரியமில வாயு, அமெரிக்கனுக்கு 14 டன் என்று அரசுப் பிரதிநிதி மாநாட்டில் பேசும்போது, அந்த 2 டன்னுக்குள் மும்பையின் பல மாடி மாளிகையும் திருத்துறைப்பூண்டிக் குடிசையும் ஒன்றாகிவிடுகின்றன. ஏழைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று கிரீன்பீஸ் இந்தியா 2007இல் அறிக்கையே வெளியிட்டது. ‘மனிதன்’ மறைத்த வேலையை ‘தேசம்’ தொடர்ந்து செய்கிறது. ‘நெல்வயல்’ மட்டும் என்ன யோக்கியம்? அது ஒருநாளும் ஒரே பொருளாக இருந்ததில்லை. வரப்பில் குடை பிடித்து நின்றவனும் சேற்றில் குனிந்து நின்றவளும் வேறு வேறு ஆட்கள். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 தலித்துகள் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அந்த எரிப்பை எந்த அட்டவணையும் கணக்கில் எடுக்கப்போவதில்லை. ஆனால் படுகையில் நெல் என்று எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்றே நினைக்கிறேன்.

வழக்கின் இரண்டாம் பாகம்தான் விசித்திரம். 1990இல் வயலின் மேலே குற்றமாக இருந்த மீத்தேன், 2010இல் வயலின் அடியில் செல்வமாகிவிட்டது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகைக்குள் அடைபட்டிருக்கும் மீத்தேனை எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. நிலத்தடி நீரை வெளியேற்றினால்தான் அந்த வாயு மேலே வரும். படுகையில் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு விவசாயம் எதை வைத்து? நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொன்னார். அந்தப் பிரச்சாரத்தின் போதே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே இறந்தார். 2015இல் மாநில அரசு அத்திட்டத்துக்கு இடமில்லை என்று முடிவெடுத்தது. 2017இல் நெடுவாசல், 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், 2023 ஏப்ரலில் மறுபடி வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று நிலக்கரி ஏலப் பட்டியல், எதிர்ப்பு, வாபஸ். அதே 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்கான கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியது.

இரண்டு மீத்தேனும் வேதியியலில் ஒன்றே. ஆனால் வயல் விடும் மீத்தேனிலுள்ள கரி, பயிரும் தழையும் அண்மைக் காலத்தில் காற்றிலிருந்து எடுத்த கரி. சிதைந்தபின் மறுபடி காற்றுக்கே போகிறது. இடையில் அது சூடேற்றுவது உண்மை, ஆனாலும் புதுக்கரி எதையும் காற்றில் சேர்ப்பதில்லை. பூமிக்கடியிலிருந்து எடுக்கும் மீத்தேன் பல கோடி வருஷம் புதைந்துகிடந்த கரி. எரித்தாலும் கசிந்தாலும் அது காற்றில் கூடுதல். முதலாவதைக் குற்றம் என்றும் இரண்டாவதைத் தூய எரிபொருள் என்றும் சொல்லும் மொழி ஒரே அலுவலகங்களிலிருந்துதான் வருகிறது.

விளைவுக்கும் இப்படித்தான் முகவரி உண்டு. ஒரு குறிப்பிட்ட புயலையோ வறட்சியையோ வெப்பமாதல்தான் கொண்டுவந்தது என்று கைநீட்டிச் சொல்ல முடியாது. கடல் சூடாகச் சூடாக வலுவான புயலுக்கும் ஒரேயடியாகக் கொட்டும் மழைக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்று சொல்லலாம். 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை வேரோடு சாய்ந்தது. நிவாரணம் பட்டாவைப் பார்த்து, மரத்தை எண்ணி வந்தது. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. தென்னங்கன்று வைத்துக் கடனில் காத்திருந்த சிறுவிவசாயியின் நிலைமை தெரியும். ஆனால் அதே தோப்பில் காய் பறித்தவன், மட்டை உரித்தவன், கீற்று முடைந்த பெண்கள் – இவர்கள் பெயரில் மரம் இல்லை. புதுத்தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம். அதுவரை அவர்கள் திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ போனார்கள். அந்தப் பயணத்தைச் சூழலியல் அறிக்கைகள் ‘தகவமைப்பு’ என்கின்றன. எவ்வளவு சாதுவான சொல்!

இப்போது நெல்வயல் மூன்றாவது முறையாகக் கூண்டில் ஏற்றப்படுகிறது, இம்முறை தாஜா பண்ணி. தண்ணீரைத் தொடர்ந்து கட்டாமல் இடையிடையே வயலைக் காயவிட்டால் மீத்தேன் வெகுவாகக் குறையும். குறைந்த அளவைக் கார்பன் வரவாக்கி, தொடர்ந்து புகைவிட விரும்பும் கம்பெனிக்கு விற்கலாம் என்று திட்டங்கள் வருகின்றன. இதைப் புதுக்கண்டுபிடிப்பாகச் சொல்லும்போது எங்க பக்கத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று அதற்கு இங்கே பெயரே உண்டு. ஒற்றை நாற்று நடவுக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். தண்ணீரும் மிச்சம், வேரும் ஓடும். முறையில் எனக்கு விரோதமில்லை.

ஆனால் காய்ச்சலுக்குப் பின் பாய்ச்சல் நிச்சயம் என்றிருந்தால்தான் ஒருவன் வயலைக் காயவிடுவான். ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவனுக்கு அது முடியும். கார்பன் காசும் அவனுக்கே போகும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. அங்கே வாய்க்கால் தண்ணீர்தான் கதி. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் அது வந்துசேர வாரங்கள் ஆகும், சில வருஷம் வருவதே இல்லை. வந்த தண்ணீரை வரப்பு உயர்த்திக் கட்டிவைப்பவனிடம் போய், மீத்தேன் குறையட்டும், வடித்துவிடு என்று யார் சொல்லப்போகிறார்கள்? சொன்னால், அடுத்த முறைத் தண்ணீர் எந்தத் தேதியில் வரும் என்றுதான் அவன் கேட்பான்.