நே வின்: ஒரு படைத்தலைவரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

பிழைப்பு நாடிக் கடல் கடந்த தமிழருக்கு இரங்கூன் ஒரு காலத்தில் இரண்டாம் தாயகமாக விளங்கிற்று. ஆதலின் பர்மாவை ஆண்ட படைத்தலைவர் நே வின்னின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

பட்டம் பெறாமலே இரங்கூன் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, அஞ்சலக எழுத்தராய்ப் பணியாற்றியவர் அவர். 1941-இல் ஆங் சானுடன் ஜப்பானியரிடம் போர்ப்பயிற்சி பெற்ற முப்பது இளைஞருள் ஒருவரானார். 1949-இல் படைத்தலைமை எய்தினார். 1958-இல், ஆளுங்கட்சிப் பிளவினால் தடுமாறிய பிரதமர் ஊ நூ அவரிடமே ஆட்சியை ஒப்படைத்தார். வெளித்தோற்றத்தில் அஃது அழைப்பு. பின்னணியில் இருந்ததோ படையின் நெருக்குதல். 1960-இல் தேர்தல் நடத்தி, வென்ற ஊ நூவிடம் நே வின் ஆட்சியைத் திருப்பியளித்தார். உலகம் அவரைப் பாராட்டியது.

ஆயின், 1962 மார்ச் 2 அன்று அவரே அவ்வாட்சியைக் கவர்ந்தார். அரசியல் சட்டம் மறைந்தது. ஜூலையில், எதிர்த்த மாணவர்கள் சுடப்பட்டனர். மறுநாள் அவர்தம் சங்கக் கட்டடமும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. அதே 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதனவாயின. ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர் அந்நாட்டினின்று வெளியேறினர். தலைமுறைகளாகச் சேர்த்தவற்றைத் துறைமுகத்திலேயே இழந்து, வெறுங்கையராய்க் கப்பலேறிய தமிழர் பலர். மணிப்பூரின் மோரே எல்லையூரும், சென்னைக் கடற்கரையோரத்துப் பர்மா பஜாரும் அத்துயரத்தின் எச்சங்கள்.

இந்தியர் வெளியேறியதால் பர்மியர் வளம் பெற்றனரா? இல்லை. போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த அந்நாட்டை, 1987 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் வரிசையில் சேர்த்தது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடின்றிச் செல்லாதனவாக்கப்பட்டிருந்தன. ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகள் புதிதாக வந்தன. ஒரு மனிதரின் எண்நம்பிக்கைக்கு ஏழை மக்களின் சேமிப்பு இரையாயிற்று என்பர். அன்று இந்தியர் கண்ட இழப்பை, இப்போது பர்மியரும் கண்டனர்.

மக்கள் பொங்கினர். 1988 ஜூலையில் நே வின் கட்சித் தலைமையைத் துறந்தார். படை சுடுமாயின் குறி பார்த்தே சுடும் என்று எச்சரித்துவிட்டே விலகினார். ஆகஸ்டு 8-இல் எழுந்த பேரெழுச்சி குருதியில் அடக்கப்பட்டது. செப்டம்பர் 18-இல் படையே மீண்டும் ஆட்சியை நேரடியாகக் கைப்பற்றியது. 2002 டிசம்பரில் நே வின் வீட்டுக் காவலில் மாண்டார். அவரைக் காவலில் வைத்தவர்கள், அவர் வளர்த்த படையினரே.

வீழ்ந்தவர் மனிதர், அவர் வகுத்த முறை வீழவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று படை மீண்டும் ஆட்சியைக் கவர்ந்தமை இதற்குச் சான்று. கொடுங்கோன்மையை எண்ணுங்கால் நாம் 1962-ஐ மட்டும் நோக்குதல் போதாது. 1958-ஐயும் நோக்குதல் வேண்டும். வாயிற்காவலனிடம் வீட்டின் சாவியைத் தந்தவர், அவன் அதனை ஒருமுறை திருப்பித் தந்ததை எண்ணி மகிழ்ந்திருந்தனர். வீட்டுக்குள் செல்லும் வழியை அவன் அன்றே அறிந்துகொண்டான்.