மூணு கம்பியும் ரெண்டு ஸ்க்ரூவும்

பொட்டி தட்டுறவன்னு பேரு, ஆனா ஒரு மானிட்டரை மாட்ட எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம்.

அப்பா மதுரைல ரொம்ப வருஷம் டிடிபி சென்டர் வச்சிருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் டைப் பண்ணுவார். கடையை மூடினப்ப வீட்டுக்கு வந்த ஒரே சாமான் அந்த 17 இஞ்ச் எல்சிடி மானிட்டர்தான். இப்ப மறுபடி வீட்டுலேர்ந்தே ப்ரூஃப் பார்க்கற வேலை கொஞ்சம் வருது. புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். "இந்த எறும்பு எழுத்தை எப்படிடா பாக்கறது?"ன்னார். கண்புரை ஆபரேஷன் ஆனவர், அவர் கேட்டது நியாயம். சரி, பழைய மானிட்டரை மாட்டுவோம்னு கேபிளை எடுத்தேன். நீலத் தலை, 15 பின், ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ. லேப்டாப்பைச் சுத்திச் சுத்திப் பார்த்த அப்பா சொன்னார்: "இதுக்கு ஓட்டையே இல்லையேடா!"

அந்த ஓட்டையோட கதைதான் இது. கொசுவத்தியை 1981-க்குச் சுத்துங்க. ஐபிஎம்மோட முதல் பிசி வந்த வருஷம். அப்ப கலருக்கு சிஜிஏ. அதுல 9 பின், அத்தனையும் டிஜிட்டல். சிவப்பு, பச்சை, நீலம், வெளிச்சம்னு நாலு கம்பி. ஒவ்வொண்ணும் ஆன் இல்ல ஆஃப். ஆக மொத்தம் 16 கலர், அதுக்கு மேல பேச்சே கிடையாது. 1984-ல இஜிஏ வந்தது. கம்பி ஆறாச்சு, கலர் 64 ஆச்சு. இதே வழியில போனா என்ன ஆகும்? கலர் கூடக்கூட கம்பியும் கூடும். 2,62,144 கலர் வேணும்னா 18 கம்பி. கேபிள் தாம்புக்கயிறு மாதிரி ஆயிடும்.

1987 ஏப்ரல்ல பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோட ஐபிஎம் விஜிஏவைக் கொண்டு வந்தது. டிஜிட்டலை விட்டுட்டு அனலாகுக்குத் திரும்பினாங்க! ஒவ்வொரு கலருக்கும் ஒரே கம்பி, அதுல 0-லேர்ந்து 0.7 வோல்ட் வரைக்கும். வோல்ட் ஏற ஏற கலர் பிரகாசமாகும். வரி எங்க ஆரம்பிக்குது, படம் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல இன்னும் ரெண்டு கம்பி. 2,62,144 கலரும் மூணே கம்பியில அடங்கிடுச்சு. அந்தக் காலத்து பிக்சர் ட்யூப் மானிட்டருக்கும் உள்ள வேண்டியது ஏறி இறங்கற வோல்ட்தான், அதனால ஜோடிப் பொருத்தம் பிரமாதம்.

இதுல வேடிக்கை என்னன்னா, பிஎஸ்/2-வை ஐபிஎம் கொண்டு வந்ததே நகல் பிசி கம்பெனிகளை ஓரங்கட்டத்தான். அது நடக்கலை. அவங்க புதுசா வச்ச மைக்ரோ சேனலை நகல் கம்பெனிகள் சீந்தலை. ஆனா விஜிஏவை மட்டும் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. 2005-ல ஐபிஎம் தன் பிசி வியாபாரத்தையே லெனோவாவுக்கு வித்தது. 2010 டிசம்பர்ல இன்டெல், ஏஎம்டி, டெல், சாம்சங், எல்ஜியோட சேர்ந்து விஜிஏவுக்கு மூடுவிழா அறிவிச்ச கூட்டத்துல அந்த லெனோவாவும் இருந்தது!

மூடினதுக்குக் காரணம் உண்டு. எல்சிடி உள்ளுக்குள்ள டிஜிட்டல். கம்ப்யூட்டர் டிஜிட்டலை அனலாகாக்கி அனுப்பும், மானிட்டர் அதைத் திரும்ப டிஜிட்டலாக்கும். தமிழ்ல எழுதின லெட்டரை இங்கிலீஷாக்கி அனுப்பி, திரும்பத் தமிழாக்கிப் படிக்கற கதை. 1999-ல டிவிஐ, 2002-ல எச்டிஎம்ஐ, 2006-ல டிஸ்ப்ளே போர்ட்னு வரிசையா வந்தது இதனாலதான்.

நான் ஏமாந்த இடத்துக்கு வர்றேன். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ, நடுவுல வெறும் கம்பி. இப்படி ஒரு கேபிளை ஒரு கடையில தலையில கட்டிட்டாங்க. திரை கறுப்பாவே நின்னுது. சில டிவிஐ போர்ட்டுல அனலாக் பின்னும் சேர்ந்தே வரும், அங்க வெறும் கம்பி போதும். எச்டிஎம்ஐல அனலாக் கிடையவே கிடையாது. நடுவுல டிஜிட்டலை வோல்ட்டாக்குற சிப் இருந்தே ஆகணும். எஞ்சினியரிங் படிச்ச எனக்கு இது கடையிலயே உறைச்சிருக்கணும், உறைக்கலை. (அப்பா ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.)

மறுநாள் சிப் வச்ச அடாப்டர் வாங்கினேன். படம் வந்துடுச்சு. 1280 x 1024 வச்சும் எழுத்து ஓரமெல்லாம் கசகசன்னு இருந்தது. நான் லேப்டாப் செட்டிங்ஸ்ல தேடிக்கிட்டே இருந்தேன். அப்பா கையை நீட்டி மானிட்டர்ல 'ஆட்டோ'ன்னு ஒரு பட்டனை அழுத்தினார். திரை ரெண்டு தடவை குலுங்கி நின்னுது, எழுத்து பளிச்! வர்ற வோல்ட்டை எந்தக் கணத்துல அளக்கறதுன்னு மானிட்டர் சரி பண்ணிக்கிற பட்டன் அது. கடையில தினம் காலைல முதல் வேலையே அதுதானாம்.

அப்புறம் பையிலேர்ந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அடாப்டரோட சேர்த்து ரெண்டு ஸ்க்ரூவையும் இறுக்கிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வேலையைத் திறந்தார்.