எஞ்சின் விடும் மூச்சு

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சிவப்பு, நீல நிறங்களில் கைக்குள் அடங்கிற மாதிரி ஒரு சின்ன பில்டர் தொங்கும். பெயர் பிரீதர் பில்டர். "இதைப் பூட்டினா எஞ்சின் நல்லா மூச்சு விடும், பிக்கப் கூடும்" எண்டு சொல்லுவினம். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில வேலைக்குப் போய் வாற காருக்கு இது தேவையா? பதில் ஒரு பழைய கதையில இருக்கு.

எஞ்சினுக்குள் எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கீழே ஒயில் இருக்கிற கிராங்க்கேஸுக்குள் இறங்கும். புது எஞ்சினிலும் இது நடக்கும். வெளியேற வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறி, சீல்களால் ஒயில் கசியும். அதனால் பழைய கார்களில் ஒரு குழாயைத் தெருவை நோக்கி இறக்கி விட்டிருந்தார்கள். ஒருகாலம் கொழும்பில் டாக்சியாக ஓடிய மொறிஸ் மைனரின் ஆரம்ப மாடல்களிலும் இதே ஏற்பாடுதான். கார் ஓடினால் அடியில் வீசும் காற்று வாயுவை இழுத்தெடுக்கும். கார் நின்றால் இழுவையும் நின்றுவிடும். வந்த புகை முழுக்கத் தெருவுக்குத்தான்.

1950களின் தொடக்கத்தில், லொஸ் ஏஞ்சலிஸில் கண்ணை எரித்த புகைமூட்டம் எப்படி உருவாகிறது என்பதை ஹாகன் ஸ்மிட் என்ற விஞ்ஞானி விளக்கினார். கார்களும் ஆலைகளும் விடும் எரியாத ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் சேர்ந்து செய்த வேலை அது. காரிலிருந்து வருகிற ஐதரோகாபனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சின்னக் குழாயால் வந்தது. 1961 மாடல்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1963 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதும், அந்த வாயுவைத் திரும்ப எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கிற பீசீவி வால்வு புதுக் கார்களில் வந்தது. கார்ப் புகையைக் கட்டுப்படுத்த வந்த முதல் கருவிகளில் இது ஒன்று. எஞ்சினுக்கும் இலாபம்: ஈரமும் அமிலமும் உறிஞ்சப்படுவதால் ஒயில் சேறாவது குறைந்தது.

1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு இங்கே வந்து குவிந்த ஜப்பான் கார்கள் இந்த ஏற்பாட்டோடுதான் வந்தன. அந்த ஹோஸைக் கழற்றிப் போட்டு பிரீதர் பில்டரைப் பூட்டினால், மொறிஸ் மைனர் காலத்துக்கே திரும்பிப் போறம். வால்வு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போய் ஐட்லிங் குழம்பலாம். வால்வையும் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். நெரிசலில் ஊர்ந்து, சூடேற முதலே நிற்பாட்டுகிற காருக்கு அது கூடாது. ஒயில் வாடை காருக்குள்ளும் வரும். பிக்கப்? சாதாரணக் காரில் ஒன்றும் கூடாது. பில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. ரேஸ் கார்களின் கதை வேறு: அங்கே கடும் வேகத்தில் நிறைய ஒயில் ஆவி வரும், எஞ்சினையும் அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள்.

இது சும்மா அலங்கார விசயமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களை இழுத்துப் பிடித்து ஓட்டினோம். ரிங் தேய்ந்து புகைக்கிற எஞ்சினில் இந்த பில்டர் நோயை மறைக்கும், மாற்றாது. எங்கட புகைப் பரிசோதனை பார்ப்பது சைலன்சர் குழாயை. பொனட்டுக்குள்ளால வாற புகை அதில் பிடிபடாது. சந்தியில் நிற்கிற ஆட்களின் நெஞ்சில்தான் பிடிபடும்.

காசு கையில் இருந்தால் முதலில் பீசீவி வால்வைப் பாருங்கள். கழற்றி ஆட்டினால் சாதாரண வகை கிலுகிலுக்கும். கிலுக்கம் இல்லையென்றால் பெரும்பாலும் அடைபட்டிருக்கு. ஹோஸ் வெடித்திருக்கா எண்டும் பாருங்கள். மாற்றின பிறகும் ஒயில் மூடியால் புகை தள்ளினால், பாஸிடம் கொம்பிரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். அதுக்குக் குடுக்கிற காசு வீணாகாது.