கல்சியமும் ‘போதுமான’ அளவும்: கொழும்பில் எழுந்த ஒரு வினா

1939ஆம் ஆண்டில் லூசியஸ் நிக்கல்ஸ், நிமலசூரிய ஆகிய இருவரும் இலங்கைப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். வறிய பிள்ளைகள் நாளொன்றிற்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் கல்சியமே பெற்றனர். மேனாட்டு அளவுகோலின்படி இது மிகக் குறைவு. ஆயினும் அவர்களின் உடல் அக்குறைவிற்கு இசைந்து கொண்டது என்பதே கட்டுரையின் முடிபு.

உடல் இசைவது உண்மையே. குறைவாகக் கிடைக்கும்போது குடல் கூடிய பங்கை உறிஞ்சுகிறது. சிறுநீரில் வெளியேறுவது குறைகிறது. வெயில் தரும் விற்றமின் டி இதற்குத் துணை. ஆனால் உடற் கல்சியத்தில் 99 வீதம் என்பிலும் பல்லிலுமே உள்ளது. குருதியில் அளவு தாழின் பரதைரொயிட்டுச் சுரப்பி என்பிலிருந்து எடுத்து ஈடுசெய்யும். குருதி குறை காட்டாது; கடன் என்பின் கணக்கில் ஏறும். இசைவு வேறு, நலம் வேறு. இவ்வேறுபாட்டை ஆட்சியாளர் பெரிதும் விரும்புவதில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை.

உலக உணவு விவசாய தாபனமும் உலக சுகாதார தாபனமும் அமைத்த நிபுணர் குழு, 1962இல் வெளியான அறிக்கையில், வளர்ந்தோர்க்கு 400 முதல் 500 மில்லிகிராம் வரை போதுமென்றது. அன்று அமெரிக்கர்க்கு விதிக்கப்பட்டது 800. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமோ 2010இல் 600 என்றும் 2020இல் 1,000 என்றும் கூறியது. பத்தாண்டில் இந்தியனின் என்பு மாறிவிடவில்லை. அளப்போரின் நோக்கே மாறியது.

கொச்சிக்கடைத் துறைமுகத் தொழிலாளியும் வெள்ளவத்தை உத்தியோகத்தரும் உண்பது சோறே. நூறு கிராம் அரிசியில் கல்சியம் பத்து மில்லிகிராம் அளவே உண்டு. வேற்றுமை கறியிலும் பாலிலும் தோன்றுகிறது. பால் வாங்க இயலாதவனுக்கு முள்ளோடு மெல்லப்படும் நெத்தலிக் கருவாடு பெருந்துணை. வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்சியமே. எனினும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு வழியாதலின் அதனைப் பரிந்துரைத்தல் தகாது.

குரக்கனின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியமுடைய இத்தானியம் சேனைப் பயிர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டு நிலங்களை அரசுடைமையாகக் கருதியது. சேனைப் பயிர்ச்செய்கையை அதிகாரிகள் வீண் வழக்கமென இகழ்ந்தனர். பெருந்தோட்டம் விரிய, நாட்டின் உணவு இறக்குமதி அரிசியைச் சார்ந்தது. பிற்காலத்தில் பாலின் இடத்தை இறக்குமதிப் பால்மா பிடித்தது. 2021இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, பால்மாவுக்காக மக்கள் கடை வாயில்களில் வரிசையில் நின்றனர்.